கற்குழியில் வியாழன் பின்னேரம்

நான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா சிஞ்ஞோராவின் மகளுக்கு மருத்துவர் நடக்கச் சொல்லிவிட்டார். மகள் போன கிழமை சமையலறைக்குள் வந்து தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இத்தாலியின் சிசிலித் தீவில் நாங்கள் இருக்கும் இந்தப் பகேரியா ஊருக்குப் பின்னால் ஒரு மலையாம், பைன் காடாம், அந்தக் காலத்தில் கல் வெட்டிய குழிகளாம், எல்லாம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாமாம். சிவப்புக் கோட்டில் அந்த வட்டத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் எந்த வளைவில் சப்பாத்துக்குள் கல் ஏறும் என்பதுகூட எனக்குத் தெரியும். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி. எனக்கும் பிலோமினா அக்காவுக்கும் அது வியாழக்கிழமை.

வியாழக்கிழமை என்றால் என்னவென்று சொல்லவேண்டும். இலங்கையிலிருந்து வந்த புதிதில் நாங்கள் இருவரும் பகேரியாவில் இரண்டு வீடுகளில், வீட்டோடு தங்கி வேலை செய்தோம். அப்படி இருப்பவர்களுக்கு ஞாயிறு முழுதும் லீவு, வியாழன் பின்னேரம் நாலு மணித்தியாலம் லீவு. ஞாயிறென்றால் ரயிலேறிப் பலேர்மோ நகரத்துக்குப் போய், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றி நாலு தமிழ் முகங்களைப் பார்க்கலாம். வியாழனில் போனால் பாதி நேரம் ரயிலிலேயே முடிந்துவிடும். ஊர்ச் சதுக்கத்தில் குந்தியிருந்தாலோ எல்லாருடைய கண்ணும் எங்கள் மேல்தான். ஆகவே மலைக்கு நடந்தோம். ஏன் வட்டமாகச் சுற்றினோம் என்றால், வாசலில் கதிரை போட்டிருக்கும் கிழவிகள், எங்கே போகிறீர்கள் என்று நாங்கள் போகும்போதும் கேட்பார்கள், வரும்போதும் கேட்பார்கள். "வேறை வழியாலை வந்தால் ஒரு தெருவுக்கு ஒருக்கால் பதில் சொன்னாக் காணும்," என்பது அக்காவின் கணக்கு.

அக்கா மன்னார். மூன்று வயது மகள் ஜெனிற்றாவைக் கணவரிடமும் மச்சாளிடமும் விட்டுவிட்டு வந்தவர். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி கையில் கிடைக்கும்வரை இங்கிருந்து போகவும் முடியாது, பிள்ளையை எடுப்பிக்கவும் முடியாது. அதற்குள் பிள்ளை தன்னை மறந்துவிடும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம். எந்தக் கதையைத் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பார்.

மலையேறும்போது இரண்டு பக்கமும் காட்டுப் பெருஞ்சீரகம் நிற்கும். கால் பட்டாலே மணக்கும். என் சிஞ்ஞோரா அதைச் சாளை மீனோடு சேர்த்துப் பாஸ்தா செய்வார். அதை முதன்முதல் சாப்பிட்ட நாளில், மீனுக்குள் பெருஞ்சீரகமா என்று நான் முகத்தைச் சுளித்தேன். அக்காதான், "சாளை தின்னுற சனம் நல்ல சனமாத்தான் இருக்கும், தங்கச்சி," என்று தீர்ப்புச் சொன்னார். மன்னார் ஆட்களிடம் மீனைப் பற்றி வாதாடி வெல்ல முடியாது. நான் சிஞ்ஞோரா கழித்துவிட்ட குதியுயர்ந்த சப்பாத்தோடு மலையேறிய ஆள். எனக்கு வாதாட மூச்சும் இல்லை.

பைன் காடு முடிந்து இறங்கினால் கற்குழி. இயற்கையான பள்ளமென்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப்போய்ப் பார்த்தால், மூன்று பக்கமும் பாண் வெட்டியதுபோல நேரான மஞ்சள் சுவர், சுவர் முழுக்க உளிக்கோடு. ஊருக்குள் இருக்கும் பழைய மாளிகைகளுக்கு இங்கேயிருந்துதான் கல் போனதென்று ஒரு ஆட்டுக்காரர் சொன்னார். பிறகு ஒவ்வொரு மாளிகையைக் கடக்கும்போதும், இது எந்தச் சுவரிலிருந்து வந்திருக்கும் என்று பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன்.

எங்களுக்கு அந்தக் குழி வேறொன்றுக்குப் பயன்பட்டது. அப்போது மன்னாரில் அக்காவின் வீட்டுக்குப் போன் கிடையாது. கசெற்றில் பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அக்கா பராமரித்த கிழவர் சிறு சத்தத்துக்கும் விழித்துவிடுவார். அதனால் அந்த வீட்டில் அக்கா மாதக்கணக்காகக் குசுகுசுத்தே வாழ்ந்தார். மலைமேல் காற்று பதிவைக் கெடுத்தது. குழிக்குள் காற்றில்லை. நான் ரேப்றெக்கோடரைப் பிடித்துக்கொள்ள, அக்கா முதன்முதலாகக் குரலை விட்டுக் கதைத்தார். "ஜெனிற்றா, அம்மா கதைக்கிறன் பிள்ளை." சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. அக்கா திடுக்கிட்டு, பிறகு சிரித்து, இன்னும் சத்தமாகக் கதைத்தார். ஒரு தேவாலயப் பாட்டும் பாடினார். எனக்குத் தெரிந்த அந்தத் தணிந்த மனுசிக்குள் இவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததென்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பதில் கசெற் வர மூன்று மாதம் எடுத்தது. அதையும் குழிக்குள்ளேயே போட்டுக் கேட்டோம். கணவருக்குப் பெருங்கவலை. "பின்னாலை ஆட்டு மணி கேக்குது. உம்மை ஆடு மேய்க்கவோ விட்டிருக்கிறாங்கள்? உண்மையைச் சொல்லும்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பிள்ளையின் குரல். "அங்கை ரெண்டு அம்மா இருக்கினம். ஒரு அம்மா சொல்ல மற்ற அம்மாவும் சொல்லுறா. வேலை செய்யிற அம்மா அங்கை நிக்கட்டும். மற்ற அம்மா இஞ்சை வரட்டும்."

அக்கா நாடாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அது எதிரொலி என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்தச் சொன்னேன். "வேண்டாம். ஒருத்தியாவது வருவாளெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்," என்றார். அதன்பின் ஒவ்வொரு கசெற்றிலும், மற்ற அம்மா வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறா என்று அக்கா சொல்வார். நானும் பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்பேன்.

பெர்மெஸ்ஸோ வந்து, ஜெனிற்றா தகப்பனோடு வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. அக்கா பகேரியாவை விட்டு, பலேர்மோவில் ஒரேத்தோத் தெருப் பக்கம் இரண்டு அறை எடுத்தார். மணிக்கணக்கு வேலை, நாளுக்கு மூன்று வீடு. அதில் வியாழன் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. கீழ்வீட்டுக்காரர் மேலே சத்தம் கேட்டால் கம்பால் தன் கூரையைத் தட்டுகிற ஆள். "மெதுவாக் கதை பிள்ளை" என்பதைத்தான் அந்த வீட்டில் அதிகம் கேட்டேன். பிள்ளையை ஒருநாள் அந்தக் குழிக்குக் கூட்டிப் போவோம் என்றேன். "போவம், லீவு வரட்டும்," என்றார். லீவு வந்தால் நித்திரை கொண்டார்.

ஒரு பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். அக்கா இன்னும் வேலையால் வரவில்லை. அம்மாவோடு இருப்பது பிடித்திருக்கிறதா என்று பிள்ளையைக் கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"ஓம், நல்லவ. ஆனா இவ வேலை செய்யிற அம்மா, சித்தி. மற்றவ இன்னும் வரேல்லை."

அதை நான் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது அவர்கள் எல்லாரும் இங்கிலாந்தில். ஜெனிற்றாவுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். கசெற்றுகள் பூஞ்சணம் பிடித்து, வீடு மாறும்போது குப்பைக்குப் போயின. ஞாயிறுகளில் அக்கா போன் எடுப்பார். கொஞ்சம் சத்தமாய்க் கதையுங்கோ அக்கா, கேக்கேல்லை என்பேன். பக்கத்தில் ஆட்கள் என்பார். ஆரென்று நான் துருவிக் கேட்டால், வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். குழிக்குள் நின்று பாடிய அந்த மனுசியை வியாழக்கிழமைகளோடு சேர்த்து நான் இழந்துவிட்டேன். நானாவது அவரைக் கண்டேன். ஜெனிற்றா அவர் வருவாரென்று வருடக்கணக்காகக் காத்திருந்தாள்.