யுவானெஸின் கண்ணும் வடக்கத்திச் சாமியின் வைத்திய நூலும்

முன்பு அரபியர் ஆண்ட தொலேதோ நகரில், அரபி படிக்கத் தெரிந்த கிறிஸ்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எந்தப் பருவத்திலும் வடக்கேயிருந்து யாராவது ஒரு சாமியார் நூல் தேடி மலை தாண்டி வந்துகொண்டுதான் இருப்பார்.

யுவானெஸ் அந்த வேலையில் தொண்டை தேய்ந்துபோனவன். அரபி நூலை விரித்து வரிவரியாக ஊர்ப் பேச்சில் சொல்வான். எதிரே உட்கார்ந்திருக்கும் சாமியார் அதைக் கேட்டு லத்தீனில் எழுதிக்கொள்வார். கணக்கு, நட்சத்திரம், மூலிகை என்று எத்தனையோ அவன் வாய் வழியாக வடக்கே போயின. அவனுக்கோ, வீட்டுக்கு வந்து கொண்டைக்கடலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

அவனுக்கு ஐம்பது வயது நெருங்கும்போது இங்கிலாந்திலிருந்து ரனுல்ஃப் சாமி வந்தார். நீண்ட கழுத்து, ஓயாத சளி. அவர் கேட்டது பெரிய வைத்திய நூல் ஒன்று.

"எங்க ஊர்ப் புத்தகத்தையெல்லாம் ஒரே பெட்டியில போட்டுப் பூட்டிடலாம், யுவானெஸ். காய்ச்சல்னா ரத்தம் எடுப்போம், இல்லேன்னா ஜெபம் பண்ணுவோம். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது" என்றார்.

பாதி நூல் தாண்டும்போது யுவானெஸின் கண்ணில் எழுத்துகள் புகைக்குள் போனதுபோல் மங்கின. முதலில் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, தெரியாத இடத்தில் ஊகித்துச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு கஷாயத்தில் ஒரே சரக்கு இரண்டு தடவை வந்தது. ரனுல்ஃப் இறகுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"படிச்சுச் சொல்றியா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொல்றியா?"

யுவானெஸ் தலை குனிந்தான். "கண்ணு தெரியல சாமி. அறுவடையிலேர்ந்தே இப்படித்தான்."

"பாவி மனுஷா! இதைக் குடிச்சு எவனாவது செத்துப்போனா?"

யுவானெஸ் நூலை மூடி வைத்தான். வீட்டுக்கு வந்து மனைவி ஜுஸ்தாவிடம் சொன்னான். அவளுடைய அப்பா பழைய நூல் விற்றவர். கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மகளுக்கும் அரபி எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"நான் படிக்கிறேன். நீங்க சொல்லுங்க. அந்த ஆளை இங்கேயே வரச் சொல்லுங்க" என்றாள்.

இதுவரை வேலை நடந்த கோயில் மண்டபத்தில் ஒரு பெண் உட்கார்ந்து படிக்க விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படித்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க ரனுல்ஃப் சாமி அவர்கள் சமையலறையில், பூண்டு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினார். ஜுஸ்தா அரபியில் படிப்பாள், யுவானெஸ் ஊர்ப் பேச்சில் சொல்வான், சாமி லத்தீனில் எழுதுவார். நடுவில் அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"இவரு மூக்கு ஒழுகறதுக்கு மருந்து எந்தப் பக்கத்துல இருக்குன்னு முதல்ல தேடணும். புத்தகம் நனையுது" என்பாள் அரபியில்.

"என்ன சொல்றாங்க?"

"அடுத்த வரியைத் தேடறா, சாமி."

கண் நோய்ப் பகுதி வந்த அன்று ஜுஸ்தா படித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்லீங்க. இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோமா?"

"படி ஜுஸ்தா."

படித்தாள். யுவானெஸ் தன் வழக்கமான சோர்ந்த குரலில் அதை ஊர்ப் பேச்சில் சொன்னான்: வயதாகும்போது கண்ணில் இறங்கும் படலத்தை ஊசியால் அழுத்திக் கீழே தள்ளலாம்; சிலருக்குப் பார்வை திரும்பும்; சிலருக்கு இருக்கிற வெளிச்சமும் போய்விடும்.

பேனா அசையும் சத்தம் கேட்கவில்லை.

"எழுதுங்க சாமி" என்றான் யுவானெஸ்.

வசந்தத்தில் நூல் முடிந்தது. ரனுல்ஃப் கோவேறு கழுதையில் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். "முகப்புல உன் பேரையும் போடறேன்."

"அவ பேரும் வரணும், சாமி."

ரனுல்ஃப் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க பிஷப்பு ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப ரெண்டுமே வேண்டாம்." கோபித்துக்கொள்ளக்கூட அவனிடம் தெம்பில்லை. சாமியை வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

அதற்குப் பிறகுதான், நூலில் சொன்னபடி தன் கண்ணில் ஊசி வைக்கச் சம்மதித்தான். யூதர் தெருவில் கண் வைத்தியம் பார்க்கும் யோசேயின் வீட்டில், ஜுஸ்தா அவன் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண்ணில் வெளிச்சம் வந்தது. கதவு தெரிந்தது, அவள் உருவம் தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை. இன்னொரு கண்ணைத் தொட அவன் விடவில்லை.

கோடையில் வேறொரு வடக்கத்திச் சாமி நட்சத்திர நூலோடு வந்து கதவைத் தட்டினார்.

"படிக்கிறதுக்கு நான் இருக்கேன் சாமி" என்று ஜுஸ்தா வாசலில் சொல்வது உள்ளே கேட்டது. "ஆனா ஊர்ப் பேச்சுல எடுத்துச் சொல்றது அவருக்குத்தான் கைவந்தது, அவரு எந்திரிக்கணும். தூங்கறாரு. எழுப்ப மாட்டேன்."

யுவானெஸ் விழித்துத்தான் இருந்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.