நெடுங்கேணிக்கு அரிவு வெட்ட ஆள் கூட்டிப் போன கதை

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில் நான் நெடுங்கேணிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் சிநேகிதன் ஜெர்மனியில், அவன் தமையன் சவுதியில். விளைந்து நின்ற மூன்று ஏக்கர் நெல்லோடு தாய் மட்டும் வீட்டில். "அரிவு வெட்ட ஆள் பிடிச்சுக் குடு" என்று கடிதம் போட்டிருந்தான். அங்கே பல வீடுகளில் அதே நிலைமைதான். வயல் இருந்தது, இளந்தாரிகள் இல்லை.

முந்தின வருடக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த முத்தையாவும் மனைவி லெட்சுமியும் வவுனியாவில் யாரோ ஒருவருடைய கொட்டிலில் ஒண்டியிருந்தார்கள். நெல் வெட்டத் தெரியுமா என்று கேட்டேன்.

"தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுன கைங்க ஐயா, பழகிக்கிருவோம்" என்றார் முத்தையா.

பிற்பகல் இரண்டு பத்துக்கு பஸ். இருபத்தைந்து மைல், இரண்டு மணித்தியாலம். புளியங்குளத்துக்கு அப்பால் காடும் புழுதியும்தான். மாமி, அதாவது சிநேகிதனின் தாய், இருவரையும் பார்த்துச் சந்தோஷப்பட்டா. "வெட்டை ஒழுங்காய் முடிச்சால் வீட்டு வளவுக்குள்ளையே கொட்டில் போட்டு இருங்கோ" என்றா. லெட்சுமி அழுதேவிட்டாள்.

"காலமை வெள்ளனவே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் படுத்தேன். எங்கே நிற்பது என்று சொல்லவில்லை. வன்னியில் அதைச் சொல்லத் தேவையில்லை, விடியுமுன் வயலில் இறங்குவார்கள்.

ஏழரைக்கு எழும்பினேன். இருவரும் வாசல் படலையடியில் கத்தியோடு விறைத்துப்போய் நின்றார்கள். தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கங்காணி பெயர் கூப்பிட்ட பிறகுதான் வேலைக்குப் போகலாம்.

"அஞ்சு மணிலேர்ந்து நிக்கிறோம், யாரும் பேரு கூப்புடலீங்க" என்றாள் லெட்சுமி.

நான் வயலுக்கு ஓடினேன். பின்பக்கப் பாதையால் இருட்டோடு வயலுக்குப் போன மாமி, ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, வேலை தேடிச் சைக்கிளில் வந்த முள்ளியவளைக் கூலியாட்களை வயலில் இறக்கிவிட்டிருந்தா. நான் போகும்போது கால் ஏக்கர் வெட்டியாயிற்று. "வாக்குக் குடுத்திட்டன் தம்பி. அவையளும் பிள்ளை குட்டிக்காரர்" என்றா. கொட்டில் பேச்சை அவா எடுக்கவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

வேலைக்கு யாரையாவது கூட்டிப் போகிறவர்கள் முதல் நாள் கூடவே வயல் வரைக்கும் போங்கள். திரும்பும் பஸ் பதினொன்றேகாலுக்கு. அரை மணி முன்னதாகப் போனால் இருக்க இடம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. புளியங்குளம் வந்ததும் முத்தையா மெதுவாக, "எங்க தப்புதாங்க ஐயா, மன்னிச்சிருங்க" என்றார்.

நான் பரவாயில்லை என்றேன்.