கமலாத்தாள் வீட்டில் யாரும் ஒரு வருஷம் இருந்ததில்லை

முதலமடை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ரோட்டோரமாக, ஒரே கூரையின் கீழ் மூன்று ஓட்டு வீடுகள். மூன்றும் கமலாத்தாளுடையவை. மூன்றிலும் வாடகைக்கு ஆள் உண்டு. ஆனால் எந்தக் குடும்பமும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. பதினோரு மாதம் முடிகிற அன்று காலையில் கமலாத்தாள் வந்து வாசலில் நிற்பாள். முதல் வீட்டுக்காரர்கள் நடு வீட்டுக்கு, நடு வீட்டுக்காரர்கள் கடைசி வீட்டுக்கு, கடைசி வீட்டுக்காரர்கள் முதல் வீட்டுக்கு. சட்டி, பானை, பாய், கோழிக்கூடு எல்லாம் வெளியே வந்து கொஞ்ச நேரம் வெயில் காய்ந்துவிட்டு அடுத்த கதவுக்குள் போகும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் என்ன நிலத்தைப் பறிகொடுத்தவர்களா?

பறிகொடுத்தவள் அவள். புருஷன் பொங்கியண்ணன் சாகும்போது நாலு ஏக்கர் வயல் விட்டுப் போனார். அதைச் சின்னையன் என்பவனுக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கொடுத்திருந்தாள். அறுப்புக்கு அறுப்பு நெல்லை அளந்து போட்டுவிட்டு, "ஒரு துண்டுச் சீட்டு குடுங்கம்மா" என்று பவ்யமாக நிற்பான். அவளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எழுபதில், உழுகிறவனுக்கே நிலம் என்று கேரளத்தில் சட்டம் வந்தது. அத்தனை சீட்டையும் கொண்டுபோய்க் காட்டி வயலைத் தன் பேருக்கு ஆக்கிக்கொண்டான். பதினைந்து வருஷம் சேற்றில் நின்றவன் அவன்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கமலாத்தாளிடம் அதைச் சொல்லிப் பார்க்க ஊரில் எவருக்கும் துணிச்சல் இல்லை.

கழுத்துச் சங்கிலியை விற்று இந்த மூன்று வீடுகளைக் கட்டினாள். இனி அவளுக்குச் சோறு போடுவது இவைதான். ஒரே வீட்டில் ஒரு வருஷம் முழுசாக இருந்தால் குடியிருப்பவனுக்கு உரிமை வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மெய்யா பொய்யா என்று விசாரிக்கவில்லை. ரசீது கிடையாது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துக் கிடையாது. குடியிருக்கிற ஹவ்வா கொல்லையில் நட்ட முருங்கைக் கொம்பைக்கூட மறுநாளே பிடுங்கி எறிந்தாள். மரம் வேர்விட்டால் மனுஷனும் வேர்விடுவான் என்று பயம்.

ஹவ்வாவும் அவள் புருஷன் சைனுதீனும் மாந்தோப்பு வேலைக்காரர்கள். காய் பறிப்பது, கூடை கட்டுவது, லாரியில் ஏற்றுவது. மூன்றாவது வருஷமாக அங்கே இருந்தார்கள். ஒரு நாள் சைனுதீன் கதவு நிலையில் பஞ்சாயத்து எழுதிப்போன வீட்டு நம்பரைப் பீடிக்கட்டுத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். கமலாத்தாள் வருவதைப் பார்த்ததும் தாளை மடித்து இடுப்பில் செருகினான்.

அதன் பிறகு அவள் கண் அவன் மேலேயே இருந்தது. வேலையை விட்டுவிட்டு இரண்டு தடவை பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனான். புருஷனும் பெண்டாட்டியும் அவள் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இன்னொரு சின்னையன்தான், சந்தேகமே இல்லை.

அந்த வாரமே ஒரு காலையில் போய் நின்றாள். "நடு ஊட்டைக் காலி பண்ணிக் கடைசி ஊட்டுக்குப் போங்க."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்களேம்மா" என்றான் சைனுதீன். "ஒரு பத்து நாள் மட்டும் இங்கயே இருந்துக்கறமுங்க."

அந்தப் பத்து நாள் அவனுக்கு எதற்கு? அதைக் கேட்டதும் அவள் சந்தேகம் முற்றிவிட்டது. மத்தியானத்துக்குள் மூன்று வீடும் மாறி, அவர்கள் சட்டிபானை கடைசி வீட்டில் இருந்தது.

நாலாம் நாள், எல்லோரும் வேலைக்குப் போன நேரம், பஞ்சாயத்து ஆள் ஒருவர் பட்டியலோடு வந்து நடு வீட்டின் முன் நின்றார். "நூத்திப் பதினெட்டாம் நம்பர் இதுதானே? சைனுதீன்னு ஒரு ஆள் இங்க குடியிருக்கிறாரா?"

"இந்த ஊட்ல அப்படி யாரும் இல்லீங்க" என்றாள் கமலாத்தாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் பேரை அடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டாள்.

பொழுது சாய ஹவ்வா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இனி உங்ககிட்ட மறைக்க வேண்டியதில்லீங்க. கவர்மெண்டு ஏழைகளுக்குக் கட்டிக் குடுக்கற லட்சம் வீட்டுப் பட்டியல்ல எங்க பேரு வந்திருக்குதாமா. விசாரிக்க ஆள் வருவாங்களாம். வந்தா, நாங்க இங்கதான் வாடகைக்கு இருக்கறம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. ஊடு கெடச்சா நாங்க போயிருவமுங்க."

"இத ஏம்புள்ள மொதல்லயே சொல்லுல?"

ஹவ்வா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னால இங்க குடியிருந்த பழனிச்சாமி அண்ணன் காலி பண்ணிப் போறேன்னு வாய் தொறந்ததுமே, அவரு சாமானத் தூக்கி வெளிய வெச்சு புதுசா வந்த பிலோமிக்கு ஊட்டை விட்டுட்டீங்களே. எங்களையும் அப்படிப் பண்ணிருவீங்கன்னு பயந்துட்டமுங்க."

ஆள் வந்துபோனதைக் கமலாத்தாள் சொல்லவில்லை. "நானே நாளைக்குப் போய்ச் சொல்லிப்போடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடியே மறுநாள் போனாள். அந்த மட்டுக்கும் அவள் மனசு நல்ல மனசுதான்.

பஞ்சாயத்து குமாஸ்தா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "இந்தக் குடும்பம் மூணு வருஷமா என் வீட்டில் குடியிருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. அடிச்ச பேரைத் திருப்பிச் சேர்த்திடலாம். இன்னிக்குச் சாயங்காலம் பட்டியல் பாலக்காட்டுக்குப் போகுது."

"வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

"பத்தாது."

"எழுதிக் குடுத்தா அவங்க கண்டிப்பாப் போயிருவாங்களா?"

"வீடு கிடைச்சாப் போவாங்க. கிடைக்குமான்னு நான் எப்படிச் சொல்ல? பட்டியல்ல எண்பது பேர், வீடு முப்பது."

அப்படியென்றால் கிடைக்காமலும் போகலாம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். மூணு வருஷம் என்று அவள் கைப்பட எழுதிய காகிதமும் இருக்கும். ஒருவேளை இந்த லட்சம் வீடே ஒரு சாக்கோ? காகிதத்தை வாங்கத்தான் இத்தனை நாடகமோ? பேனாவை எடுத்தாள். குமாஸ்தா காத்திருந்தார். வெளியே போய் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் பேனாவை வைத்துவிட்டு எழுந்தவள், நேரே வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஹவ்வா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன்."

என்ன சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று ஹவ்வா கேட்பாள், கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள் கமலாத்தாள். ஹவ்வா ஒன்றும் கேட்கவில்லை. கமலாத்தாளின் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்தப் பெண் ஏன் என்னை இப்படி நம்பித் தொலைக்கிறாள் என்று கமலாத்தாளுக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஹவ்வா உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, கேட்டீங்களா? அம்மா போய்ச் சொல்லிட்டாங்களாமா!"