கட்டுப்போட்ட காலும் பல்லாங்குழியும்

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அவளுக்கு டிப்போவில் வைத்த பேர் ‘ரைட்’. பஸ் காலியாக ஓடினாலும் அவள் தன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. வீட்டிலும் நின்றுகொண்டேதான் காபி குடிப்பாள்.

ஒரு மழைநாளில் பஸ் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். டாக்டர் தொடைவரை மாவுக்கட்டு போட்டு, கால் தரையில் படவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் வீட்டு முன்னறைக் கட்டிலில் அவள் கிடந்தது அவளைவிட அண்ணிக்குத்தான் தண்டனை. அண்ணி ஜன்னலோரம் மிஷினில் துணி தைப்பாள். தெருமுனையில் ஹாரன் கேட்டால், “இவன் லேட்டு அண்ணி, முந்தின வண்டி போயி அரைமணி ஆச்சு” என்பாள் இவள். குக்கர் விசிலடித்தால், “இறக்குங்க, இறக்குங்க” என்பாள்.

“அம்மா தாயே, உன் வாய்க்கும் சேர்த்துக் கட்டுப் போடச் சொல்லியிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அண்ணி பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினாள்.

குழிகளில் காராமணி நிரப்பி ஆடினார்கள். அண்ணி யோசித்து எடுப்பாள். இவள் எடுத்துவிட்டு யோசிப்பாள். தோற்றுக்கொண்டே வந்தாள். ஒரு ஆட்டத்தில் இவள் போட்ட விதையால் அண்ணியின் குழியில் நாலு சேர்ந்தது. நாலு சேர்ந்தால் அது பசு, அள்ளிக்கொள்ளலாம். யார் அள்ளுவது என்பதில்தான் சண்டை.

“நாலாக்கினது நான். பசு எனக்குத்தான்!”

“குழி என்னோடது. என் வாசல்ல நிக்கிற மாட்டை நீ ஓட்டிட்டுப் போவியா?”

“எங்க வீட்டுல அப்படித்தான் ஆடுவோம்!”

“எங்க அம்மா வீட்டுல அப்படி ஆட மாட்டோம்!”

பலகை சரிந்தது. காராமணி கட்டிலுக்கடியில் ஓடியது. அன்று முழுக்க மிஷின் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் டிப்போ மேனேஜர் போன் செய்தார். “இனிமே நீ அலைய வேண்டாம்மா. டிப்போ ஆபீஸ்ல உனக்கு ஒரு சேர் போட்டாச்சு.” நல்ல சேதி சொல்கிற குரல். “சரி சார்” என்று வைத்துவிட்டாள்.

பலகையை இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஒற்றைக்காலில் நொண்டி அண்ணியிடம் போனாள்.

“ஐயோ, கால்!”

“ஒரு ஆட்டம் உங்க மாதிரி, ஒரு ஆட்டம் எங்க மாதிரி. வாங்க அண்ணி, உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது.”

ஆடிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அண்ணி கையில் விதைகளோடு நிமிர்ந்தாள். “சரின்னு ஏன் சொன்ன?”

“வேற என்ன சொல்றது?”

“ஒரு பசுவுக்கு என்கிட்ட அந்தக் கத்து கத்தின. அவர்கிட்ட வாய் எங்க போச்சு?”

இவளுக்குச் சுருக்கென்றது.

கட்டுப் பிரித்த வாரமே, அண்ணியையும் கூட்டிக்கொண்டு கைத்தடியோடு மேனேஜர் முன்னால் நின்றாள். “சின்ன ரூட்டா குடுங்க சார். முடியலன்னா நானே வந்து அந்தச் சேர்ல உக்காருறேன்.” அவர், டாக்டர் சரி என்று சொன்னால் ஆஸ்பத்திரி ரூட்டைத் தருவதாகச் சொன்னார். டாக்டர் அரைமனதோடு தலையாட்டினார்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது கால் பூசணியாக வீங்கியிருந்தது. அண்ணி திட்டிக்கொண்டே அதை வெந்நீர் வாளியில் வைத்தாள்.

“வலிக்குதா?”

“உயிர் போகுது.”

“நாளைக்கு?”

“போவேன்.”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வெந்நீர் எடுத்துவர எழுந்தாள். “சீக்கிரம் வாங்க அண்ணி” என்றாள் இவள், வாளிக்குள் விரல்களை அசைத்தபடி.