பஹ்ரைனுக்கு ஒரு மணி நேரம்

பம்பாய்ப் பக்கத்து உல்லாஸ்நகரைத் தாண்டிப் பெண் கொடுப்பதில்லை என்று எங்கள் மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார். பெரியம்மாவை உல்லாஸ்நகரிலும், அம்மாவை எங்கள் தாராவியிலேயே அடுத்த சந்திலும் கட்டிக்கொடுத்தார். நினைத்தால் ரயிலேறிப் போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வரவேண்டும் அவருக்கு. தாய் தகப்பன் இல்லாத மூன்று தங்கைகளையும் மளிகைக்கடை வைத்து வளர்த்தவர் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

கடைசித் தங்கையான சித்திக்கு வந்த மாப்பிள்ளை பஹ்ரைனில் வேலை பார்த்தார். சித்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மாமாவோ கடல் தாண்டிக் கொடுக்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு மாதமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. செம்பூரில் விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்த்த சித்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமான நேரம் அச்சிட்ட தாளை என் கையில் கொடுத்து, மாமா காதில் விழும்படி வாசிக்கச் சொன்னாள். பம்பாயில் காலை பத்துக்குப் புறப்பாடு. பஹ்ரைனில் பதினொன்றுக்கு இறங்கும்.

"மாமா, ஒரே மணி நேரந்தான்! பெரியம்மா வீட்டுக்கே ஒண்ணரை மணி நேரம் ஆவுதுல்லா?"

"அது கடல் தாண்டி இருக்குட்டி."

"பம்பாயே தீவுதான் மாமா. தானே பக்கத்துல தண்ணியத் தாண்டித்தான உல்லாஸ்நகர் போறோம்? பஹ்ரைனும் தீவு. இந்தத் தீவுலேருந்து அந்தத் தீவு, அவ்வளவுதான்."

"அப்படியாட்டி?" என்று சித்தி வாயைப் பிளந்தாள். அந்த ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பது எனக்குத்தான் தெரியாது. நாளெல்லாம் டிக்கெட் போடுகிறவளுக்குத் தெரியாதா?

மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"புள்ளையே சொல்லிட்டுல்லா. ஒரு மணி நேரம்னா சரி."

கல்யாணத்தை முடித்துவைத்தவள் நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சித்தி விமானம் ஏறிய அன்று, அவளை அனுப்பிவிட்டு வந்து, பதினொரு மணிக்கு மாமாவின் கடையில் மொபைலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. போன் வரவில்லை.

"மாமா, சித்தி பிளேனுக்கு என்னமோ ஆயிட்டு" என்று அழுதேன்.

மாமா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "அழாதட்டி. நம்ம நேரத்துக்கு ஒண்ணரைக்குத்தான் எறங்கும். ரெண்டுக்கு முன்ன போன் வராது" என்றார்.

ரெண்டு பத்துக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தது மாமாதான். சித்தி பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. ஊரெல்லாம் நான் சொன்ன கணக்கு தப்பாகிவிட்டதே!

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா மாமா?"

"சொல்லிருந்தா ஒஞ்சித்தி எப்படிட்டி போவா?"

போகக் கூடாது என்று நின்றவரே அவர்தானே? அப்படியானால் சொல்லித்தானே இருக்கவேண்டும்? பெரிய கடையை நடத்துகிற மனுஷனுக்கு இந்தச் சின்ன விஷயம்கூட மண்டையில் ஓடவில்லையே என்று, அன்று நான் மாமாவுக்காக ரொம்பவும் வருத்தப்பட்டேன்.