கவுண்டரில் எழுதிய நம்பர்

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னால் எழாத என் கணவர், அன்று காலை ஆறு மணிக்கே எழுந்து, "அருவி பாக்கப் போலாமா?" என்று கேட்டார். எங்கள் ஊர் மாசாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டவேண்டும். மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டாலே முட்டி வலிக்கிற மனிதர்.

சந்தேகம் நான்கு நாளாகவே இருந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். குளிக்கப் போகும்போதும் அதைக் கொண்டுபோனார். குழம்பில் உப்பு கூடிப்போன அன்றுகூட ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். ஃபேக்டரிக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் பெண்ணைத் தினமும் குறை சொல்வார், அந்தப் பேச்சும் நின்றுபோனது. அவள்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அருவியில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு, வருகிற போகிற பெண்களை நோட்டம் விட்டேன். அவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, தன் பங்கு நெத்திலியையும் என் பக்கம் தள்ளினார். முகத்தில் திருட்டு முழி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காட்டுப் பாதையில் ஏறுகிறவர்கள் கவுண்டரில் பெயரும் கைப்பேசி நம்பரும் எழுதவேண்டும். அவர் எழுதினார், அடுத்து நான். அங்கிருந்த தமிழ்க் காவலர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா? காணாம போனா யாரைக் கூப்பிடறது? உங்க நம்பரைப் போடுங்க லா."

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் அவர் நம்பரைத்தான் எழுதுவேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பேங்க், எல்லாவற்றிலும் அதுதான். என் அக்கா தங்கைகளும் அப்படித்தான். பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். போன மாதம் என் மார்புக் கட்டியைக் கீறிச் சோதனைக்கு எடுத்த ஆஸ்பத்திரியிலும் அந்த நம்பரைத்தான் எழுதியிருந்தேன். இன்னும் முடிவு வரவில்லை என்று நானும் சும்மா இருந்தேன்.

பாதையில் வேர்கள் வழுக்கின. அவர் என் கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "புதன்கிழமை. நாளைக்கு ரெண்டு பேரையும் நேர்ல வரச் சொன்னாங்க. நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பாங்கல்ல... இன்னிக்கு ஒரு நாளாவது நீ நிம்மதியா இருக்கணும்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. இவருக்கு வேறொருத்தி இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் ஏங்கினேன்.