அவர் கையில் கட்டிய கயிறு

இதை எழுத எனக்குச் சில வருடங்களாகத் தயக்கம். சாமி விஷயத்தைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக் குழாய், சிறுநீரகங்களுக்குக் கிளை பிரியும் இடத்தில், பலூன் போல வீங்கிவிட்டது. வெடித்தால் உயிர் தங்காது என்றார்கள். தொடை வழியாக ஸ்டென்ட் வைக்க, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போனோம்.

கட்டிலைத் தள்ள வந்தவர் தமிழர். குள்ளமானவர், நரைத்த மீசை, கழுத்தில் சிலுவை. பேசும்போதெல்லாம் கட்டில் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்ப்பார்.

"அக்கா, அண்ணன் இடுப்புக் கயித்தக் கழட்டணும் லா. தாயத்து எக்ஸ்ரே படத்துல மறைக்கும்."

"முருகன் கோயில்ல கட்டினதுண்ணே. ஆம்பள உடம்ப விட்டு எறக்கக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரு" என்று அழுதேன்.

அவர் சக்கரத்தைத் தட்டினார். "நானும் ஆம்பளதானே? ஆபரேஷன் ரூமுக்குள்ள போக மாட்டேன், வாசல் வரைக்கும்தான். என் கையில கட்டுங்க."

கட்டினேன். மாலையில் அவரே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா. கயித்த அவுத்துக்குங்க."

"சாப்டீங்களாண்ணே?"

"வெறும் சோறும் முட்டைக்கோஸும். கேன்டீன்ல இன்னிக்கு நாசி ஆயாம், கோழிச் சோறுதான். கயிறு கையில இருக்கே, கோழிய எப்படித் தொடறது?"

கறி ஆகாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. பெயரையும் கேட்காமல் விட்டுவிட்டேன். முருகனைக் கும்பிடும்போதெல்லாம் அவர் முகமும் வருகிறது.

இதை யாரிடமாவது சொன்னால் அற்புதம் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். சிலுவை போட்டவர் அன்று கோழி சாப்பிடவில்லை என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.